மரத்துக்கும் தேமல் வரும்

மரத்துக்குத் தேமல் வருமா? வரும். போன மாதம் என் கண்ணால் பார்த்தேன்.

கடைசி மகள் எஸ்தருக்குக் கல்யாணம். சீருக்கு ஓர் அலமாரி வேண்டும். மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது பெரிய சாப்பாட்டு மேஜை ஒன்று விலைக்கு வந்தது. மேபிள் என்ற சீமை மரம் என்றார்கள். வெளுத்த நிறம் என்று யாரும் தொடவில்லை.

நான் விடுவேனா? மரக்கடைக்காரர் பெண்டாட்டி... எனக்குக் கையெழுத்துப் போடத்தான் கஷ்டம், மரம் பார்க்க இல்லை. பலகை முனையை நனைத்துப் பார்த்தேன். தேக்கில் துளைகள் கண்ணுக்கே தெரியும். இதில் ஒன்றும் காணோம் — அத்தனை நெருக்கம்! வாசனையும் இல்லை. கீறினேன். நகம்தான் தேய்ந்தது. வாங்கிவிட்டேன்.

சுடலைமுத்து ஆசாரி மேஜையைப் பிரித்து இழைக்க ஆரம்பித்ததுமே புலம்பல்.

"ஆச்சி, இது மரமா, கல்லா? உளி உடனே மழுங்குதே!"

"நாக்கைத் தீட்டுத நேரத்துல உளியைத் தீட்டும், ஆசாரியாரே."

தீட்டினார். அலமாரி தேங்காய்ப் பத்தை மாதிரி பளிச்சென்று எழுந்து நின்றது.

அப்போதுதான் சிவகிரியிலிருந்து சம்பந்தியம்மா சீர் சாமான் பார்க்க வந்தார்.

"என்ன மதினி, தறி மெஷின் வந்த பெட்டிப் பலகையில அடிச்சிருக்கிய? எங்க ஊர்ல சீர்னா தேக்குதான். வேற வாங்குங்க. இல்லன்னா கல்யாணத்தைத் தள்ளி வைப்போம்."

கதவுக்குப் பின்னால் எஸ்தரின் வளையல் சத்தம் நின்றுபோனது.

ஆசாரி குறுக்கே விழுந்தார். "தேக்குக் கலர் பூசிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

மீந்த துண்டு ஒன்றில் பூசியும் காட்டினார். மரம் ஓரிடத்தில் கலரைக் குடித்தது, ஓரிடத்தில் துப்பியது. திட்டுத் திட்டாக — அசல் தேமல்!

சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பூச்சே வேண்டாம். தேக்கு அலமாரி உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு நிக்கி. இது துரைமார் உக்காந்து சாப்பிட்ட மரம். சிவகிரியில எவ வீட்டுல இருக்கு? சொல்லுங்க மதினி!"

அவர் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். மூடினார். தடவிப் பார்த்தார்.

"எவ வீட்டுலயுமா இல்ல?"

"எவ வீட்டுலயும் இல்ல."

"எங்க ஓரகத்தி வீட்டுல?"

"அவுக எங்க போய் வாங்குவாவ?"

"அப்போ பூசாமலே குடுங்க."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மரம் உழைக்குமா, ஒடியுமா என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? அடுத்தவள் வீட்டில் இல்லை என்றால் போதும்... அதுதான் உசத்தி!

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வந்திருந்தாள்.

"ஏட்டி, அலமாரி எப்படி இருக்கு?"

"அத்தை ரூம்ல நல்லா இருக்கும்மா. என் சேலைதான் டிரங்குப் பெட்டியில கெடக்கு!"