ரேடார் கம்பெனிக்குப் பூக் கேட்டேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகனோடு ஜெர்மனியில் இருப்பவள், சேலம் அஸ்தம்பட்டியில் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்றுக் காலை பால் வாங்கப் போனபோது, ரோட்டைக் கடக்க, வண்டிகள் நிற்கட்டும் என்று ஓரமாகக் காத்து நின்றேன். ஜெர்மனியில் ஆள் நின்றால் கார் நின்றுவிடும். இங்கே ஒரு ஸ்கூட்டர்காரர், "ஏனுங்கம்மா, பஸ்ஸு இங்க நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் மோகனூரில் கரும்புக்காட்டை விற்றதில் என் பங்குப் பணம் பேங்கில் கிடக்கிறது. வீட்டை மட்டும் விற்கவில்லை. கை கால் ஓய்ந்தபின் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும், துணைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும், யாரிடமும் கை நீட்டக் கூடாது. இதுதான் என் ஆசை. மகன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். பார்ப்பான்தான். ஆனால் ஜெர்மனியில் காய் நறுக்கியபடி போனில் தமிழ் வீடியோக்களைக் கேட்டுக் கேட்டு, ராணுவத்துக்குச் சாமான் செய்யும் கம்பெனிகளின் பங்கு மேல் எனக்குப் பித்தே பிடித்துவிட்டது. ஆர்டர் கொடுப்பது அரசாங்கம், ஒரு ஆர்டர் முடியவே வருஷக்கணக்காகும், பொறுமையாக இருந்தால்தான் பலன் என்றார்கள். கரும்பு வைத்தவளுக்குக் காத்திருக்கத் தெரியாதா? ஒருமுறை விலை சரிந்தபோது, இன்னும் வாங்காத பங்குக்காக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெர்மனியில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேத்தியை விட்டு இதைச் சொல்லவைத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சின்ன வயதில் குண்டு விழுந்த வீட்டிலிருந்து தன்னைத் தூக்கி வந்தார்களாம். ஆயுதத்தில் வரும் பணம் தனக்கு வேண்டாம் என்றார். எனக்குக் கேக் வெட்டி வைத்தார். அதன்பிறகு குண்டு செய்யும் கம்பெனிகளை விட்டு, ரேடார் செய்யும் கம்பெனியாகத் தேடிப் பிடித்தேன்.

தம்பிதான் கேலி செய்தான். "ரொம்ப காலத்துக்குப் போடோணுங்கறாங்க. உங்களுக்கு இப்பவே எழுவது ஆச்சுங்க்கா."

"நம்மம்மா தொண்ணூறு தாண்டியும் வரப்புல நடந்தாங்கல்ல சாமி. எனக்கும் அவசரமில்ல" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் பூக் கேட்போம். இலையில் மடித்த பொட்டலங்களில் வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இதற்கும் கேட்டுவிடலாம் என்று மோகனூரில் எங்கள் அம்மன் கோயிலுக்குப் போனோம். பேரனுக்குப் பெண் பார்க்கிறோமா என்று பூசாரி விசாரித்தார். வெட்கமாக இருந்தது. ரேடார் என்றால் தூரத்தில் வரும் விமானத்தை முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் மிஷின் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அட, நம்ம அம்மன் பண்ற வேலைதானுங்க" என்றார்.

பணம் முழுவதையும் போடலாமா என்று கேட்டேன். சிவப்பு வந்தது. இன்னொரு தரம் பார்க்கலாமா என்றேன். கேட்டதையே மறுபடி கேட்கக் கூடாது, வேண்டுமானால் மாற்றிக் கேளுங்கள் என்றார் பூசாரி. பாதியைப் போடலாமா என்றேன். வெள்ளை!

"அம்மனுக்கு மார்க்கெட் அத்துப்படிங்க்கா" என்றான் தம்பி. கோயில் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இன்று பங்குக் கணக்கு தொடங்க, ஓர் ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பெண் விலாசம் கேட்டாள். யோசிக்காமல் மோகனூர் என்றேன். போன் நம்பர் கேட்டதும் ஜெர்மனி நம்பரைச் சொன்னேன். இனி கடுதாசி வந்தால் மோகனூரில் பூட்டிய கதவுக்கு அடியில் கிடக்கும், போன் ஜெர்மனியில் அடிக்கும். வெளிநாட்டில் இருப்பவளுக்கு இந்தக் கணக்குச் செல்லுமா, வேறு கணக்கு வேண்டுமா என்று அவளுக்கும் தெரியவில்லை. பணம் இன்னும் போகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். விமானம் ஏறுமுன் முதல் பங்கைப் போனில் என் விரலாலேயே தொட்டு வாங்கிவிட வேண்டும்.