பதின்மூன்றாம் செக்டார்

சண்டிகருக்கு நான் இன்றுவரை போனதில்லை. ஆனால் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊரில் வழி தவறி நின்ற சித்தப்பாவுக்கு வழி சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா அங்கே போனது பட்டுப்புடவைக் கண்காட்சிக்கு. பத்து நாள் வேலை. கிளம்பும் முன் அப்பாவோடு பெரிய சண்டை. "இந்தத் தறிக்குழியில காலத் தொங்கவுட்டுக்கினு எத்தினி நாளைக்குண்ணா உக்காந்திருக்கறது?" என்று கத்திவிட்டுத்தான் போனார். கண்காட்சி முடிகிற சமயம், அங்கே ஒரு துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்திக்கு எட்டாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலைச் சித்தப்பா பிடித்தே ஆகவேண்டும்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில், திட்டம் போட்டுக் கட்டிய தலைநகரம் ஒன்றைச் சார்ட்டில் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரும் ஒரு காலத்தில் தலைநகரம்தான். ராஜ வீதிகள் இருக்கின்றன, ராஜாவைத்தான் காணோம். இங்கே யார் வழி கேட்டாலும் கோபுரத்தைக் காட்டி, அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்போம். சண்டிகரிலோ கட்டம் கட்டமாகச் செக்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதையே வரைந்தேன். ஆனால் புத்தகத்திலிருந்த படத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு பதினான்கு வந்தது. பதின்மூன்றை அந்த ஊரைக் கட்டியவர்களே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. புத்தகத்தில் பிழை என்று நினைத்து, நடுவில் ஒரு கட்டத்தை நெருக்கி வரைந்து 13 என்று நானே எழுதிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. ஸ்டேஷனுக்கு வழி தெரியவில்லை, எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி ரவுண்டானாவாக இருக்கிறது என்றார் சித்தப்பா.

"யாரையாவது கேளேன்டா!" என்றார் அப்பா.

"அவங்க பேசறது ஒண்ணும் புரியலண்ணா."

அப்பா வாசலுக்கும் தறிக்குமாக நடந்தார். தறியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் சித்தியைப் பார்ப்பதுமாக இருந்தாள். சித்தி மட்டும் சுவரில் சாய்ந்து சும்மா இருந்தாள். நான் சார்ட்டைத் தரையில் விரித்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"எந்த நம்பர்ல நிக்கறீங்க சித்தப்பா?"

கொஞ்சம் யோசித்து, "பன்னெண்டுமா" என்றார்.

"அப்டியே நேரா போங்க. பதிமூணு வரும்."

சற்று நேரம் கழித்து, "ஆங், பதிமூணு வந்துட்டேன்மா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் தப்பு, நான்தான் சரி! பதினான்கு, பதினைந்து என்று விரலைப் படத்தில் நகர்த்தி அவரை இழுத்துக்கொண்டே போனேன். பதினெட்டு வரை வந்தவர், திடீரென்று மறுபடியும் பன்னிரண்டில் நிற்பதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி பதின்மூன்று, மறுபடி ரவுண்டானா. பொழுது சாய்ந்ததும், ரயில் போயிருக்கும் என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சித்தி கையை ஊன்றி எழுந்து வந்தாள். போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"வர்றதுன்னா வாங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். பாவம், வழி சொல்ற கொழந்தைய அலையவுடாதீங்க."

சித்தி போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வாரம் சித்தப்பா வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கியதும், "நீ வழி சொல்லலன்னா நான் வந்திருக்கமாட்டேன்மா" என்று என் தலையைத் தடவினார். சண்டிகருக்கே வழி சொன்ன பெண் என்று தெருவெல்லாம் பேச்சு. சித்தி மட்டும் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழி தெரியாமல் திண்டாடிய மனுஷனிடம் போய் அப்படிப் பேசினாளே என்று எனக்கு ஏற்கெனவே கோபம். அவள் புருஷனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் நான், அந்த நன்றிகூட இல்லையே என்று குழந்தை பிறக்கும்வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.