போட்டு வாறன்

ஜெர்மனியின் பான் நகரில், உள்ளூர் அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் மைதானத்துக் கடையில் சிவகௌரி பத்து வருடமாக உருளைக்கிழங்கு பொரிக்கிறாள். ஆறு வருடமாக அந்த அணிக்குப் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் சேயோன், அங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும், "அக்கா, போறன்" என்பான்.

"போறன் எண்டு சொல்லாதை, விசரா! போறவன் திரும்பி வரவேணும், போட்டு வாறன் எண்டு சொல்லு."

அவன் திருந்தவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையே வந்து நிற்பான்.

இந்த வருடம் மியூனிக் அணி அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ரசிகர்கள் துரோகி என்று கத்தி, அவன் பெயர் போட்ட சட்டைகளைக் குப்பையில் எறிந்தார்கள். சிவகௌரிக்குக் கத்தவும் தெம்பில்லை. எத்தனை பேரைத்தான் வழியனுப்புவது?

கடைசி ஆட்டம் முடிந்ததும் சேயோன் கடைக்கு வந்தான். "அக்கா, போட்டு வாறன்" என்றான்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னான். இனி வரமாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.