மில்லிமீட்டர் அக்கா

முதலில் ஸ்கேலை வைப்பார். அப்புறம்தான் வந்தவர் முகத்தைப் பார்ப்பார். வந்தவர் அவசரத்தில் இருக்கிறாரா, அழுகிற நிலையில் இருக்கிறாரா என்பதெல்லாம் பிற்பாடு. படத்தின் மேல் இரும்பு ஸ்கேல் குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் படுத்து எழுந்தால்தான் வாய் திறக்கும்.

"நூத்தி அம்பத்தி ரெண்டு இருக்கணும். நூத்தி அம்பத்தொண்ணுதான் இருக்கு. மீதி ஒரு மில்லிமீட்டர் எங்க?"

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். அந்த ஒரு மில்லிமீட்டரை அவர்தான் வழியில் மென்று தின்றுவிட்டு வந்த மாதிரி அக்கா அவரைப் பார்ப்பார்.

மருந்துக் கடைக்கு மேலே, இருபது படி ஏறினால் அவருடைய பிரிண்ட் கடை. போட்டோகிராபர்கள் எதிரே நின்றால் 'அக்கா' என்பார்கள். படி இறங்கியதும் 'மில்லிமீட்டர்' என்பார்கள். இது அவருக்கும் தெரியும். "கிலோமீட்டர்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் நல்லது" என்பார்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. பட்டம் வாங்கியவர்கள் ஒரு கோளாறைக் கண்டால் முதலில் புத்தகத்தைத் தேடுவார்கள், பிறகு யாருக்காவது போன் போடுவார்கள். சொந்தக் காலில் எழுந்து வந்தவர்கள் கோளாறின் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். அக்கா இரண்டாவது ரகம். கவுண்டருக்குப் பின்னால் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றபடியேதான் வேலை பார்ப்பார். உட்கார்ந்து பார்த்தால் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும், நின்று பார்த்தால்தான் குற்றம் தெரியும் என்பது அவருடைய கட்சி. திரையில் தெரியும் படத்தையும் ஸ்கேல் வைத்து அளப்பார். கம்ப்யூட்டரே அளவு சொல்கிறதே என்று ஒருவர் கேட்டுவிட்டார். "அது சொல்லும். சரியா சொல்லுதான்னு யாரு பாக்குறது?" என்று பதில் வந்தது.

அவரிடம் வருகிற தலைவலிகளில் பெரும்பாதி ரா ஃபைல் தலைவலி. கேமராவுக்குள் விழுந்த வெளிச்சத்தை வெட்டாமல் வடிகட்டாமல் அப்படியே பிடித்து வைத்திருக்கும் கோப்பு அது. மென்பொருள் ஒன்றால் மாற்றினால்தான் படமாகும். மாற்றும்போதுதான் நிறம் ஓடும், அளவு மாறும், ஆளுக்கு ஆள் பழி போடுவார்கள். அக்கா இதற்குச் சொல்லும் விளக்கம் ஒரே வரி: "ரா ஃபைல்ங்கிறது தைக்காத துணி. துணி எவ்வளவுங்கிறது வேற, சட்டை எவ்வளவுங்கிறது வேற."

பறவைப் பைத்தியம் பிடித்த பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அதிகாலையில் ஏரிக்கரையில் குப்புறப் படுத்து ஒரு கொக்கை எடுத்து வந்தார். ஆளுயரத்துக்கு அச்சடித்து வரவேற்பறையில் மாட்ட ஆசை. வீட்டிலேயே ரா ஃபைலை மாற்றிக் கொண்டுவந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் கொக்குக்குப் பதில் சதுரம் சதுரமாகக் குளியலறைத் தரை. கேமரா கெட்டுவிட்டது என்று கம்பெனிக்குப் புகார் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டார். அக்கா அளவைப் பார்த்தார். ஆறாயிரம் புள்ளி அகலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து அறுநூறுதான் இருந்தது. ரா ஃபைலுக்குள் கேமரா ஒரு குட்டிப் படத்தையும் ஒட்டி வைத்திருக்கும், சும்மா அடையாளத்துக்கு. டாக்டரின் மென்பொருள் மாற்றுகிறேன் பேர்வழி என்று அந்தக் குட்டியை மட்டும் உருவிக் கொடுத்திருந்தது.

"டாக்டர், மருந்து பாட்டில் மேல ஒட்டியிருக்குற சீட்டைக் கிழிச்சு முழுங்கினா காய்ச்சல் எறங்குமா?" என்று கேட்டார் அக்கா. டாக்டர் அதற்குப் பிறகு எந்தக் கொக்கையும் தானாக மாற்றுவதில்லை.

இப்படிப்பட்டவர் கடையில்தான் போன வியாழக்கிழமை மாப்பிள்ளை விவகாரம் நடந்தது.

புதுத் தம்பதி சேர்ந்து நிற்கும் ஒரே படம், நூற்றிருபது பிரதி. கல்யாணத்துக்கு வந்தவர்களை அன்று மாலை தேநீருக்கு அழைத்து, மாப்பிள்ளையே தன் கையால் ஆளுக்கொன்று கொடுத்து நன்றி சொல்வதாக ஏற்பாடு. நான்கு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாளே போட்டோகிராபர் ரா ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கடை மூடுகிற நேரம், அக்கா ஸ்கேலை எடுக்காமலேயே மாற்றிக் கொடுத்தார். மெஷினைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வீட்டுக்காரர். முன்பு லாரி ஓட்டியவர், வாய்க்குப் பதில் தொண்டையால் பேசுகிறவர். ஒப்புக்கொண்டால் சும்மா இருப்பார், மாற்றுக் கருத்து இருந்தால் ஒரு இருமல். காலையில் நூற்றிருபதையும் அடித்துக் கட்டி கவுண்டர் மேல் வைத்தவர், வைக்கும்போதே ஒரு தரம் இருமினார். அக்கா போனில் இருந்ததால் கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்கு வந்த போட்டோகிராபர்தான் மேல் பிரதியைப் பார்த்தான். பார்த்தவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான்.

தாள் உயரம் குறைந்தது, அகலம் கூடியது. படம் அதை விளிம்பு வரை நிறைத்திருக்க வேண்டும். இப்போதோ படம் உள்ளே சுருங்கி, இரு பக்கமும் பதினாறு மில்லிமீட்டர் வெள்ளைப் பட்டை. அதுகூடப் போகட்டும். அவன் எடுக்கும்போது தம்பதியின் கணுக்காலுக்குச் சற்று மேலேயே படம் முடிந்திருந்தது. கேமராத் திரையில் இன்னமும் அப்படித்தான் தெரிகிறது. பிரிண்டில் மட்டும் மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டும் கூடுதலாக முளைத்திருந்தன. கீழ்த் துண்டில் மாப்பிள்ளையின் பளபளக்கும் கறுப்பு ஷூ. ஷூவுக்குக் கீழே பழம் அடுக்கி வருகிற மரப்பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'இந்தப் பக்கம் மேலே'. பக்கத்திலேயே அம்புக்குறி, நேராக மாப்பிள்ளையைக் காட்டியபடி.

பெண் மாப்பிள்ளையைவிட ஒரு தலை உயரம். இருவருக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை. உறவுக்காரர்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தபடியே ஏணி வேண்டுமா என்று ஒருவர் கேட்டாராம். அதனால்தான் பெட்டி. போட்டோகிராபர் மாப்பிள்ளையோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பெட்டி இருந்தது பெட்டிக்கும் தனக்கும் தவிர எவனுக்கும் தெரியாது என்று கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். இன்று மாலை அந்த நூற்றிருபது பேர் கையிலும், மாப்பிள்ளையே புன்னகையோடு எடுத்துக் கொடுக்க, பெட்டி போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்கா ஸ்கேலை வைத்தார். குறுக்கே வைத்தார், நெடுக்கே வைத்தார், பெட்டி மேலும் வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"படம் வளந்துடுச்சு. மாப்பிள்ளைதான் சுருங்கிட்டாரு."

போட்டோகிராபருக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே வெட்டிவிட்டு மறுபடி அடித்தால் போதாதா என்று கெஞ்சினான். அக்கா மசியவில்லை.

"ஏன் வந்துச்சுன்னு தெரியாம வெட்ட மாட்டேன். இன்னைக்குக் காலு மொளச்சிருக்கு. நாளைக்கு ஆல்பத்துல யாரு தலை காணாமப் போகும்னு உனக்குத் தெரியுமா?"

ஆல்பத்துக்கு இன்னும் முந்நூறு படம் பாக்கி இருந்தது.

அதன் பிறகு ஒரு மணி வரை விசாரணை. குற்றவாளி யார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. கேமராவை யார் தொட்டார்கள், கார்டை எதில் போட்டான், அண்ணன் மகன் கையில் கொடுத்தானா, தூங்கும்போது பொத்தானை அழுத்தினானா என்று வரிசையாகக் கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். "கேமரா பாவம், வாயில்லா ஜீவன். நீ பண்ணதைத்தான் அது செய்யும்" என்றார். இந்த வகையில் 'உன் தப்பு' என்று அவர் சொன்னது பதினான்கு தடவை. எண்ணியது வீட்டுக்காரர்.

கடைசியில் தன் சொந்தப் பரிசோதனைக்கு வந்தார். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைச் சுவரில் செங்குத்தாக ஒட்டச் சொன்னார். அதன் நுனிகள் கேமராத் திரைக்குச் சற்று வெளியே போகும்படி பார்த்து, போட்டோகிராபரையே எடுக்கச் சொன்னார். கேமராத் திரையில் ஸ்கேல் இரண்டரையில் ஆரம்பித்து இருபத்தேழரையில் முடிந்தது. அதே படத்தின் ரா ஃபைலைக் கம்ப்யூட்டரில் மாற்றினால் பூஜ்யத்திலிருந்து முப்பது வரை முழுசாக நின்றது. மேலே இரண்டரை, கீழே இரண்டரை. அகலத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அக்காவுக்குச் சங்கதி பிடிபட்டது. கேமராவில் அகலப் படம் வேண்டும் என்று வைத்திருக்கிறான். கேமரா அவன் கண்ணுக்கு மேலும் கீழும் மறைத்துக் காட்டியிருக்கிறது. ரா ஃபைலோ எதையும் வெட்டாது, முழுத் துணியையும் மடித்து உள்ளே வைத்திருக்கும், கூடவே 'இதுவரை வெட்டு' என்று ஒரு குறிப்பையும் வைத்திருக்கும்.

"பாத்தியா, உன் தப்பு" என்றார். இதைச் சேர்த்தால் பதினைந்து.

"அக்கா, நான் ஆறு மாசமா இப்படித்தான் எடுக்குறேன். நீங்கதான் மாத்தித் தர்றீங்க. அப்பல்லாம் சரியாத்தான வந்துச்சு?"

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். போன மாதம் அடித்துக் கொடுத்த படத்தின் ரா ஃபைலைத் தேடி எடுத்து மறுபடி மாற்றினார். போன மாதம் மூவாயிரத்து முந்நூற்று எழுபத்தாறு புள்ளி உயரம் இருந்த படம், இப்போது நாலாயிரமாக எழுந்து நின்றது. அதே ஃபைல், அதே கேமரா. மாறியிருப்பது இந்தப் பக்கம்தான்.

மெஷின் அருகிலிருந்து ஒரு இருமல் வந்தது.

"என்னங்க?"

"திங்கக்கெழம" என்றார் வீட்டுக்காரர். "திரைல ஒரு கட்டம் வந்துச்சு. புதுசு போடட்டுமான்னு கேட்டுச்சு. நீ போன்ல உன் தங்கச்சிகிட்ட பேசிக்கிட்டே ஆமா போட்ட."

அந்த ஒரு வாரத்தில் அவர் பேசியதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

அக்கா மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். 'கேமரா குறித்த விகிதப்படி வெட்டு' என்ற வரிக்கு முன்னால் எப்போதும் இருக்கும் குறி காணவில்லை. புதுப் பதிப்பு வந்த கையோடு அதைத் துடைத்துவிட்டிருந்தது. குறியைப் போட்டார். திரையில் படம் சட்டென்று கீழேயும் மேலேயும் சுருங்கியது. பெட்டி போனது, ஷூ போனது. மாப்பிள்ளை கம்பீரமாக, பெண்ணுக்குச் சமமாக நின்றார்.

"அப்ப என் தப்பு இல்லையாக்கா?"

"உன் தப்புன்னு நான் எப்பச் சொன்னேன்?"

வீட்டுக்காரருக்கு இருமல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

தப்பு என்ற சொல் இத்தனை வருஷமாக அடுத்தவர் பெயரோடு ஒட்டித்தான் அந்த வாயிலிருந்து வந்திருக்கிறது. தன் பெயரோடு எப்படி ஒட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. புதிய பிரதிகளை அடிக்கச் சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் கவுண்டரைத் துடைத்தார். பழைய கட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும், படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. மணி மூன்று. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

கையில் இனிப்புப் பெட்டி, முகம் நிறையச் சிரிப்பு. நண்பனை "என்ன மச்சான்" என்று தோளில் தட்டினார். யாரும் தடுப்பதற்குள் கட்டின் மேல் பிரதியை எடுத்துவிட்டார்.

சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, படத்தின் மேலிருந்து கீழே கண் இறங்க இறங்கப் போனது. காது சிவந்தது. அம்புக்குறியைப் பார்த்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார். கீழே இருந்த மற்றவற்றையும், கட்டு கலையாமல், மெதுவாகக் கவிழ்த்தார்.

"எத்தன பேரு பாத்தாங்க?" என்று கேட்டார். குரல் கவுண்டரைத் தாண்டி வரவில்லை.

"மச்சான், அது வந்து..." என்று போட்டோகிராபர் ஆரம்பித்தான். பழியை வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான். காலையிலிருந்து பழகிவிட்டது.

"நீ சும்மா இரு" என்றார் அக்கா. மாப்பிள்ளையைப் பார்த்தார். "மூணு பேருதான் பாத்தோம். சரியானது பின்னாடி ஓடிக்கிட்டிருக்கு. அரை மணில கையில தந்துடுவேன். இது..." என்று நிறுத்தினார். "இது என் தப்பு."

மெஷின் பக்கம் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை தலையாட்டினார். பரவாயில்லை என்றார். ஆனால் கண் கவுண்டரை விட்டு எழவில்லை. பரவாயில்லை என்பவர் முகம் அப்படி இருக்காது.

அக்கா குனிந்தார். கவுண்டருக்குப் பின்னால் மரம் தரையில் உராயும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது, எப்போதும் மார்பளவில் இருக்கும் கவுண்டர் விளிம்பு அவர் மோவாயை இடித்துக்கொண்டு நின்றது. போட்டோகிராபர் வாயைப் பிளந்தான். ஆறு வருஷமாக அண்ணாந்து பார்த்துத் திட்டு வாங்கிய மனிதரை இப்போது தேட வேண்டியிருந்தது. அக்கா நுனிக்காலில் எக்கி, இரண்டு கையாலும் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி, மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தார். அதன் மேல்பலகை நடுவில், இரண்டு பாத அளவுக்கு மட்டும் தேய்ந்து பளபளத்தது.