பத்துக் குளிசைகள்

சமனாகப் பங்கிடுவது எப்போதும் நியாயம்தானா? மீசாலையில் கோழி வளர்த்த குணலட்சுமியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

அவள் கலியாணம் செய்யவில்லை. மனைவியை இழந்த தமையன் நாகலிங்கத்தோடு இருந்தாள். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமொன்றில் தங்கிய நாட்களில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். ஒருவருக்கும் கூடவில்லை, குறையவில்லை. ஊர் புகழ்ந்தது. பசிக்கு அது சரியான முறை. அதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

போன மாரியில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. இருவரும் வெறுங்கையால் அள்ளிப் புதைத்தார்கள். நாலாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். தெரிந்தால் அதிகாரிகள் மிஞ்சிய கோழிகளையும் அழித்துவிடுவார்கள் என்று பயந்து நாகலிங்கம் வீட்டிலேயே நின்றார். தன்னைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். குணலட்சுமி தனியே சாவகச்சேரி ஆசுபத்திரிக்குப் பஸ் ஏறினாள். பறவைக் காய்ச்சலோ என்று சந்தேகித்த டொக்டர் வார்ட்டில் நிற்கச் சொன்னார். அவள் மறுத்தாள். கிருமியை அடக்கும் குளிசை பத்துக் கொடுத்தார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். ஒன்றும் விடக்கூடாது.

வீட்டுக்கு வந்து மேசையில் ஐந்து ஐந்தாகப் பிரித்தாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. கஞ்சி கொண்டுபோன பக்கத்து வீட்டுச் சிவகௌரி அதைக் கண்டாள்.

“இனிக் காய்ச்சலையும் பாதி பாதியாப் பிரிச்சுத் தருவாய் போலை,” என்றார் நாகலிங்கம்.

“கதையாமல் விழுங்குங்கோ அண்ணை.”

அவள் காய்ச்சல் விட்டு எழும்பினாள். அவர் ஆறாம் நாள் மூச்சு முட்டி ஆசுபத்திரிக்குப் போனார். அங்கே முழு அளவு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. மூன்று நாளில் செத்துப்போனார்.

அவரைச் சேர்த்த அன்றே எடுத்த சளியில் இருந்தது அந்த மருந்துக்கு அடங்காத கிருமி என்று சோதனை முடிவு வந்தது. டொக்டர் குணலட்சுமியைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டார். குற்றம் பிடிக்க அல்ல என்றார். அளவு குறைந்த மருந்தில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். நாகலிங்கம் அரைகுறையாகக் குடித்திருந்தால் அது அவருடைய உடம்புக்குள் மாறியிருக்கலாம். ஒன்றுமே குடிக்காவிட்டால் கோழிகளிலேயே அப்படி இருந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள வீட்டு வளவுகளிலெல்லாம் கோழிகளைப் பிடித்துச் சோதிக்கவேண்டி வரும்.

“அண்ணை ஒண்டும் குடிக்கேல்லை,” என்றாள். “பத்தையும் நான்தான் குடிச்சனான்.”

தமையனுக்கு ஒரு குளிசைகூடக் கொடுக்காதவள் என்று ஊர் பேசியது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று சிவகௌரி பலமுறை கேட்டுப் பார்த்தாள். கால்நடை அதிகாரிகள் அயல் வளவுகளில் கோழி பிடிக்க வந்தபோதும் அவள் சொன்னதை மாற்றவில்லை.