பொட்டலை அளந்த வேலாயுதத்தண்ணன்

வேலாயுதத்தண்ணன் இறந்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை அவர் மருமகன் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. “யாரு அனுப்பிச்சாக?” என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. அண்ணன் விஷயத்தில் எதையும் உடனே நம்பி எனக்குப் பழக்கமில்லை.

நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலையில் படம் எழுதியவராகத்தான் உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு முதலில் களவாணியாகத்தான் தெரிந்தார். உலகச் சண்டை நடந்த காலம். அவனியாபுரத்துக்குத் தெற்கே ஆகாய விமானம் இறங்க சர்க்கார் இடம் தேடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அங்கேதான் என் இரண்டு குறுக்கம் சோளக்காடு; அறுத்த பிறகு வெறும் பொட்டல். அந்த நேரம் பார்த்து ஞாயிறுதோறும் ஒரு ஆள் குடையும் பெட்டியுமாக வந்து, உச்சி வெயிலில் பொட்டலில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிக் குச்சியைப் பிடித்து என் நிலத்தையே அளந்தார். அளந்ததும் நோட்டில் எழுதினார்.

“எம்புட்டுண்ணே தேறுது?” என்றேன்.

“எது?”

“என் காடுதான். அளந்தாச்சுல்ல?”

“படம் எழுதுறேன் மாப்ள. அந்த ஒத்தப் பனை எம்புட்டு ஒசரம்னு பிரஷ்ஷ வச்சுப் பாக்குறேன்.”

“கோயிலு, தெப்பக்குளம் எல்லாத்தையும் விட்டுப்புட்டு, பொட்டலப் போயி எவனாச்சும் எழுதுவானா?”

“கம்பெனிக்கு அரமனையா எழுதிக் குடுத்தாச்சு. இது எனக்கு.”

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் என் பெண்டாட்டி பேச்சி வேறு, “பனைதான் நம்ம எல்ல. எல்லையில இருந்துதான அளக்க ஆரம்பிப்பாக?” என்று கிளப்பிவிட்டாள்.

ஒரு நாள் சுழல்காற்றில் குடை பறக்க, அவர் பின்னால் ஓடினார். நான் நோட்டின்மேல் பாய்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இன்றும் மண்ணின் சிவப்பு கைக்கு வரவில்லை. பனைக்காரன் இன்றும் முறைத்தான். முறைக்கும்போது நல்ல முகம். நிற்கச் சொன்னால் நிற்பானா?’

நிமிர்ந்தால் குடையோடு நிற்கிறார். “சர்வே நம்பரு கெடச்சுச்சா மாப்ள?”

“யாருக்குண்ணே இதெல்லாம்?”

“யாருக்குமில்ல. எழுதாட்டி, என்னத்தப் பாத்தோம்னு எனக்கே மறந்துபோகும்.”

கையைக் கட்டிக்கொண்டு பனையடியில் நின்றேன். “எல்லைக்கல்ல மட்டும் எழுதிராதீக” என்றும் சொல்லிவைத்தேன். அவரும் எழுதவில்லை.

அடுத்த தையில் நிலம் சர்க்காருக்குப் போய்விட்டது. அளவுச் சங்கிலியோடு வந்தவர்கள் வேறு ஆட்கள். ஒரு கண்ணை மூடவுமில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. பனையைச் சாய்த்தார்கள். ‘அந்தப் படக்காரரு கண்ணு பட்டுத்தான்’ என்று பேச்சி இன்றைக்கும் சொல்வாள்.

சேதி கேட்டு அண்ணன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மனுஷரிடம் அப்போதும் கேட்டேன்: “நெசமா நீங்க சர்க்காருக்கு ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே?” அவர் கோபிக்கவில்லை. “வாரப்பல்லாம் கேளு மாப்ள, சொல்றேன்” என்றார். வந்தபோதெல்லாம் கேட்டேன். “இல்ல மாப்ள” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். எங்களுக்குள் வணக்கமே அதுதான். போன மாதமும் கேட்டேன்.

படம் என் சுவரில் இருக்கிறது. சிவந்த மண், பனை, நான். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்கிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி அதன் முன்னால் போய் நின்றேன். அந்த முறைப்பு இப்போது நேராக என்மேல் விழுகிறது.