குரங்கு சாரும் இரண்டு கால் பிராணியும்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் மிருகக்காட்சி சாலையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் குரங்கு சார்தான். குரங்குகள் எதற்குச் சண்டை போடுகின்றன, எப்படிச் சமாதானமாகின்றன என்று கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்து எழுதுவது உத்தியோகம். பார்ப்பதற்குக்கூடச் சம்பளமா என்று வயிறெரிந்தவர்கள் உண்டு. ஒரு மத்தியானம் அந்த ஸ்டூலில் வெயிலோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் வாயை மூடியிருப்பார்கள்.

பார்த்துப் பார்த்து அவருக்கு மனிதர்களும் அப்படியே தெரிய ஆரம்பித்தார்கள். மனைவி பீரோவைத் திறந்து முணுமுணுத்தால் "கூடு திருத்தும் பருவம்" என்பார். மேனேஜர் தொண்டையைச் செருமினால் "எல்லையை அறிவிக்கிறது" என்பார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்கக் கேட்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீஸ் ஆண்டு விழாவில் அவரையே பேசச் சொன்னார்கள். தையல்கடை வைத்திருக்கும் அண்ணனையும் அண்ணியையும் அவரே போய் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். சாப்பாடு முடிந்தது, பேச்சு ஆரம்பித்தது.

"இன்றைக்கு நாம் பார்க்கப்போவது இரண்டு கால் பிராணி. ரோமம் குறைவு, சத்தம் அதிகம். கூட்டமாக வாழும், கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வாழும்." கைதட்டினார்கள். அத்தோடு இறங்கியிருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே? "இதில் ஆண் பிராணி சாப்பிடும்போது இடது கையால் தட்டை அணைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த பிறகும் ஒரு துண்டு ரொட்டியைச் சட்டைப்பையில் பதுக்கும்." சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினார்.

அண்ணனின் சட்டைப்பை புடைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் முதலில் பார்த்தார், பிறகு கூடமே பார்த்துச் சிரித்தது. அண்ணன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். அண்ணியும் பின்னாலேயே போனார்.

அப்பா இறந்தபின் அண்ணனும் தம்பியும் உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. தம்பிக்கென்று தனித்தட்டு அங்கே கிடையாது. தன் தட்டை மற்ற பிள்ளைகள் பிடுங்காமல் அணைத்துக்கொண்டு தின்று, மிச்ச ரொட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து ஊட்டியவர் இந்த அண்ணன்தான். வயதான பிறகும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. குரங்கு சாருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் நாலு பேர் சிரிப்புக்காக அதை மேடையில் ஏற்றினார்.

"போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

"கோபத்துல இருக்கற பிராணிகிட்ட நாமளா போகக்கூடாது. இன்னும் மிரளும். சும்மா கண்ணுல படற மாதிரி நின்னா போதும். அடங்கினதும் தானா வரும்."

"பிராணியா? அவர் உங்க அண்ணன்ங்க!"

அந்த ஒரு வித்தையை நம்பித்தான் குரங்கு சார் பிழைத்தார். கடிக்க வந்த கிழட்டு ஆண் குரங்குகூட அப்படித்தான் அவரிடம் பழகியது. அதனால் லீவு நாட்களில் தையல்கடைக்கு எதிர்ப்புறம், பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். கடையில் அண்ணி பொத்தான் தைப்பார். அண்ணன் மெஷினை மிதிப்பார், அடிக்கடி தலையைத் தூக்கித் தெருவைப் பார்ப்பார். இன்னும் பதற்றம் தணியவில்லை என்று குரங்கு சார் கணக்குப் போட்டார். அடுத்த முறை பார்க்கலாம் என்று பஸ் ஏறினார். இப்படியே வருஷங்கள் ஓடின. அண்ணன் இளைத்தார், கண்ணாடி மாற்றினார், மெஷினுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் தம்பி தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார்.

ஒருநாள் கடை பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மாரடைப்பாம், எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஏசுவார் என்று குரங்கு சார் எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் தேவலை.

"வாங்க தம்பி," என்றார் அண்ணி. "நீங்க அங்க வந்து நிக்கறப்பல்லாம் அவருக்கு வேலையே ஓடாது. ஊசிக்கடியில துணியே வெக்காம மெஷின மிதிச்சுக்கிட்டு இருப்பாரு. நான் கூப்பிடறேன்னு எழுந்தா கையப் புடிச்சு உக்கார வெச்சிடுவாரு. 'கூப்பிடாத, கூச்சப்பட்டு ஓடிடுவான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அவனா வரட்டும்'னு சொல்லுவாரு."

குரங்கு சார் அண்ணிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே அண்ணி..."

"ஒரே ஒரு தடவ நீங்க ரோட்டத் தாண்டியிருக்கலாமே தம்பி," என்றார் அண்ணி.